ராகு காலத்தில் ஊதாத சைரன்

வேப்பூரில் பஸ் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. திருச்சியிலிருந்து விருத்தாசலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சாலையோர ஓட்டலில் சாப்பிட இறங்கியவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் வரவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் கையை மடித்து வைத்து அதில் தாடையை ஊன்றிக்கொண்டிருந்தார். கண்டக்டர் படிக்கட்டில் நின்று ஓட்டலின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும் ஊர் அது. தார் ரோட்டில் லாரிகள் போகும்போது மட்டும் சூடாக ஒரு மூச்சு ஜன்னலுக்குள் வந்து போனது.

"யோவ், எடுய்யா வண்டிய. ஒரு ஆளுக்காவ நாங்க எல்லாம் வேவணுமா?" என்றார் பின்சீட்டுக்காரர்.

"மூட்டைய மேல போட்டுட்டுப் போயிருக்காருங்க. வுட்டுட்டுப் போனா நாளைக்கு டிப்போவுல யாரு பதில் சொல்றது? நீங்க வந்து சொல்றீங்களா?" என்றார் கண்டக்டர்.

"எங்கதான் போனாரு அந்த மகராசன்?"

"இன்னொரு தோசைக்குச் சொல்லியிருக்காராம்."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அலுத்துப்போனவர்களின் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்டக்டரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் முன்பு, "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று குரல் கொடுத்தவர் அவர்தான். இப்போது அந்தக் குரலுக்கு இறங்கிப் போனவர் திரும்பி வரும்வரை அவரால் விசில் ஊத முடியவில்லை. யாரோ தோசை சாப்பிடுகிறார். குரல் கொடுத்தவர் காத்து நிற்கிறார்.

என் புரோகிராமும் காத்து நின்றிருக்கிறது.

இது தோன்றியபோது பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஒரு வாரமாக ஒயரையும் ஸ்க்ரூவையும் பிரித்துப் பிரித்து மாட்டிய கை. "அட, இவ்வளவுதானா" என்று ஒரு சோர்வு வந்தது. மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். தண்ணீரும் சுட்டது.

எங்கள் ஊர் விருத்தாசலத்தில் பீங்கான் யூனிட்டுகள் நிறைய. பொம்மை செய்பவர்கள், கரண்டு கம்பத்துக்கான வெள்ளைக் குமிழ் செய்பவர்கள், வீட்டு மெயின் பெட்டியில் மாட்டும் பியூஸ் கட்டை செய்பவர்கள். நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கூடப் படித்தவர்கள் பெங்களூருக்குப் போய்ச் சேர, பாலக்கரைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். அந்த வேலை போதவில்லை. கை அரித்தது. பியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்ன யூனிட்டின் முதலாளி, எங்கள் சென்டருக்கு மகளைக் கொண்டுவந்து விடுபவர், ஒரு நாள் சும்மா பேச்சுவாக்கில் கேட்டார், "சூளைல எவ்ளோ சூடு இருக்குதுன்னு ஆபீஸ்ல இருந்தே பாக்க முடியுமாம்மா?" முடியும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எப்படி முடியும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். என் சுபாவம் அது.

எப்படியோ முடிந்தது. சூளைக்குள் நீட்டியிருக்கும் கம்பி சூட்டை ஒரு மீட்டருக்குச் சொல்லும். மீட்டரிலிருந்து ஒரு கேபிள் ஆபீஸ் கம்ப்யூட்டரின் முதுகுக்கு வரும். என் புரோகிராம் சில நொடிக்கு ஒரு தடவை மீட்டரைக் கேட்டு, வந்த எண்ணைத் திரையில் பெரிதாகக் காட்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம், அழகுக்கு. முதலாளி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். வருபவர்களிடமெல்லாம் காட்டுவார்.

சைரன் பிறகு வந்தது. அதைக் கேட்டவர் சூளைக்கார அண்ணன். கம்மாபுரம் பக்கம் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். சூளை எரியும் நாட்களில் பர்னர் வால்வின் பக்கத்திலேயே இருப்பார். குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் வால்வைக் குறைக்க வேண்டும். விட்டுவிட்டால் பியூஸ் கட்டைகளின் மேல்பூச்சு உருகி வழிந்து, அடியில் இருக்கும் சுட்டமண் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கடைசி சில மணி நேரம் யாரும் அவரை நகரவிடுவதில்லை.

அவர் மனைவிக்குப் பங்குனியில் கண் ஆபரேஷன் நடந்தது. இரண்டு மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் சூளை எரியும் நாளில் அந்த இரண்டு தெருவும் மதுரைக்குப் போகிற தூரம்.

"தானே வுட்டுக்குது," என்றார் என்னிடம். "அண்ணாந்து பாக்குது, பாட்டில அமுக்குது, எல்லாம் செய்யுது. ஆனா மருந்து கன்னத்துக்குத்தான் போவுது. கன்னம் நல்லாத்தான் இருக்குது, அதுக்கு ஏன் மருந்து?"

"பக்கத்து வூட்ல யாரையாவது கேக்கலாமேண்ணே."

"கேட்டாச்சு. அந்தம்மா சீரியல்ல வெளம்பரம் வந்தாத்தான் வரும்." பிறகு, "ஏம்மா, ஒன் கம்ப்யூட்டருக்கு வாயி கெடையாதா? சூடு வந்தா அது கத்தாதா? நான் வூட்லேர்ந்தே கேட்டுக்குவேன். சைக்கிள மிதிச்சா வந்துர்ற தூரம்தான," என்றார்.

அதற்காகத்தான் சைரன். பழைய மில் ஒன்றில் கழற்றிய சைரனை முதலாளி வாங்கிவந்து ஓட்டின் மேல் மாட்டினார். எலக்ட்ரீஷியன் ஒருவர் ரிலே என்கிற ஒரு சின்ன சுவிட்சை வைத்து அதைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுத்தார். சூடு எல்லையைத் தொட்டதும் புரோகிராம் ரிலேவுக்குச் சொல்லும், ரிலே சைரனுக்குச் சொல்லும். முதல் தடவை ஊதியபோது தெரு நாய்கள் எல்லாம் கூடவே ஊளையிட்டன. அண்ணன் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். வால்வைக் குறைத்தார். "மருந்த கண்ணுலயே வுட்டன்," என்றார், என்னைப் பார்க்காமல். அதற்குப் பிறகு நாலைந்து சூளைகள் எரிந்தன. ஒவ்வொன்றிலும் சைரன் ஊதியது, அவர் வந்தார்.

இதற்கு நடுவில் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. அவருடைய யூனிட்டில் ராகு காலத்தில் புதிதாக எதையும் தொடங்கமாட்டார்கள். பெட்டி கட்டமாட்டார்கள், லாரி ஏற்றமாட்டார்கள், அச்சில் மண் போடமாட்டார்கள். ஏற்கெனவே நடக்கிறது நடக்கலாம்; புதிதாக ஒன்றும் கூடாது. நாளுக்கு நாள் நேரம் மாறுவதால் ஆட்கள் மறந்துபோகிறார்கள் என்று அவருக்கு வருத்தம்.

"கம்ப்யூட்டர்ல தேதி, மணி எல்லாம் இருக்குதில்ல? ராகு காலம் வந்தா ஒரு வார்த்தை சொல்லிடட்டும்," என்றார்.

எனக்கு அது ஐந்து நிமிட வேலை. மீட்டரிலிருந்து சூடு வரும் ஒவ்வொரு தடவையும் மணியையும் பார்த்துக்கொள், ராகு காலம் தொடங்கியிருந்தால் அன்றைக்கு ஒரே ஒரு தடவை ஒரு பெட்டி காட்டு என்று எழுதினேன். திரையின் நடுவில் அது வரும். 'ராகு காலம் தொடங்கிவிட்டது. புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.' கீழே ஒரே ஒரு பொத்தான்: 'சரி'.

ஆக, சூடு வந்துவிட்டது என்று புரோகிராமில் ஒரு குரல் எழும். இதைத்தான் எங்கள் படிப்பில் ஈவென்ட் என்பார்கள். அந்தக் குரலுக்கு மூன்று பேர் காது கொடுத்திருந்தார்கள். ஒருவர் எண்ணைத் திரையில் மாற்றுபவர். இன்னொருவர் ராகு காலம் பார்ப்பவர். மூன்றாமவர் சைரன் ஊதுபவர். இவர்களுக்கு ஹேண்ட்லர் என்று பெயர். கல்லூரியில் எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர். அவர் சொன்ன உதாரணம் இன்னும் காதில் இருக்கிறது. "ஸ்கூல்ல மணி அடிக்குது. எல்லா கிளாஸும் ஒரே நேரத்துல கேக்குது. அவங்கவங்க பாட்டுக்கு வெளிய வராங்க. மணி அடிச்சவரு அடுத்த வேலையப் பாக்கப் போயிடறாரு. இதான் ஈவென்ட்." பரீட்சையில் அதையே எழுதினேன். மார்க்கும் வந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று சூளை எரிந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் பற்றவைத்தது, மதியத்துக்குள் முடியவேண்டியது. சென்டருக்கு லீவு என்பதால் நான் வீட்டில் இருந்தேன். ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அக்காவும் வரவில்லை. அவர் வேதக்கோயிலுக்குப் போகிற குடும்பம். அன்று காலையிலிருந்து சிலுவைப்பாதை, பிரார்த்தனை என்று சர்ச்சிலேயே இருப்பார். முதலாளி தனியாக ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பத்து மணிக்கு மேல் வால்வைச் சரிபார்த்துவிட்டு, சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பகல் தூக்கத்தில் இருந்தேன். சைரன் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் மெல்லிசாகக் கேட்கும். கேட்டது. மணியைப் பார்த்தேன், பன்னிரண்டு தாண்டியிருந்தது. இன்று சூளை கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன்.

சூளை மெதுவாகப் போகவில்லை. எல்லையைத் தொட்டு ரொம்ப நேரம் ஆகியிருந்தது. ஊதவேண்டிய நேரத்தில் சைரன் ஊதவில்லை. ஊதியபோது அண்ணன் வந்து பார்த்துவிட்டு வால்வை முழுவதும் மூடிவிட்டு, அங்கேயே மணல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாராம்.

சூளை ஆறித் திறந்த அன்று நான் போயிருந்தேன். பியூஸ் கட்டைகள் சாய்ந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பலகைகளோடு ஒட்டியிருந்தன. மேல்பூச்சு மெழுகுவர்த்தி வழிவது போல வழிந்து நின்றிருந்தது. அண்ணன் உளியை வைத்துத் தட்டித் தட்டிப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணக்கு அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க பெரிய வெள்ளிக்கு எங்க சைரனும் சேந்து வாயத் தொறக்கல பாருங்க," என்றார் அண்ணன் அக்காவிடம்.

"எங்க வெள்ளிக்கு நாங்க பேசாம இருந்தோம். ஒங்க சைரனை யாரு இருக்கச் சொன்னது?" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "நான் இருந்திருந்தா ஒரு தட்டு தட்டிட்டுப் போயிருப்பேன்," என்றார்.

"எதைக்கா?"

"அதான் ஒரு டப்பா வருமே தெனமும். நான் படிக்கறதே இல்ல. வரும், சரின்னு தட்டுவேன், போயிடும்."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரிலேயின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

முதலாளியின் விளக்கம் வேறு மாதிரி இருந்தது. அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் பாத்துக்கிட்டேதாம்மா இருந்தேன்," என்றார். "கடிகாரம் ஓடுது. நம்பரு அப்பிடியே நிக்குது. சரி, சூளை சும்மா நின்னு எரியுது, ஏறலன்னு நெனச்சேன். பன்னெண்டு மணிக்கு ராகு காலம் முடிஞ்சுது. முடிஞ்ச ஒடனே ஊதுது. நீ என்னா எழுதி வச்சியோ, மெஷினு ராகு காலத்த மனுசன விடச் சுத்தமா பாக்குது."

"அப்படி எதுவும் எழுதலீங்க."

"எழுதினியோ இல்லையோ. இனிமே சூளை எரியறப்ப யாரும் எடத்த வுட்டு நவுரக் கூடாது. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது அண்ணனுக்குக் கேட்டது. உளி ஒரு நொடி நின்று மறுபடியும் தட்டத் தொடங்கியது. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மருந்து இன்னும் பல நாள் விட வேண்டும்.

அந்த வாரம் முழுக்கச் சென்டரில் வகுப்பு முடித்ததும் நேராக யூனிட்டுக்குப் போவேன். ரிலேயைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. சைரன் ஒயரை முனைக்கு முனை பார்த்தேன், நன்றாக இருந்தது. கேபிளை மாற்றினேன். மீட்டரை மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். கம்பியை ஸ்டவ் நெருப்பில் காட்டினால் எண் ஏறும், எல்லையைக் குறைத்து வைத்தால் சைரன் ஊதும், நாய்கள் ஊளையிடும், தெருவில் திட்டுவார்கள். எல்லாம் வேலை செய்தது. வேலை செய்யும் ஒன்றை எப்படி ரிப்பேர் செய்வது? ஒவ்வொரு சாயங்காலமும் உள்ளங்கையில் செம்பு வாசத்தோடு வீட்டுக்கு வருவேன். அம்மா சாப்பாடு போட்டுவிட்டு, "சம்பளம் இல்லாத வேலைக்கு இவ்ளோ அலுப்பா?" என்பார்.

சனிக்கிழமை திருச்சிக்குப் போனேன். கல்லூரியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள் அங்கே ஒரு கம்பெனியில் வேலையில் இருக்கிறாள். புரோகிராமைத் தாளில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் மேலிருந்து கீழ்வரைக்கும் விரலால் ஓட்டிப் பார்த்தாள்.

"ஈவென்ட்ல ஒண்ணும் தப்பு இல்லடி. மூணு ஹேண்ட்லரும் தனித்தனியாதான ஓடும். ஒண்ணு நின்னாலும் மத்தது ஓடும். ஒயர்லதான் எங்கயோ லூசு," என்றாள்.

"ஒயர நான் எவ்ளோ தடவ பாத்தேன் தெரியுமா?"

"இன்னொரு தடவ பாரு."

அவளுக்கும் அதே மணி அடித்தவர்தான் பாடம் எடுத்தார். இரவு அவள் அறையில் தங்கிவிட்டு, மறுநாள் மதிய வண்டியில் ஏறினேன். வேப்பூரில் அந்த மனிதர் இன்னொரு தோசைக்குச் சொன்னார்.

வேப்பூரிலிருந்து விருத்தாசலம் வரும்வரை அக்காவின் டப்பா மட்டும்தான் மனதில் இருந்தது. தினமும் வரும், சரி என்று தட்டுவேன், போய்விடும். அவர் தட்டும்வரை என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. ராகு காலம் பார்ப்பவர் பெட்டியைக் காட்டிவிட்டு, யாராவது சரி சொல்லட்டும் என்று நிற்கிறார். அவருக்குப் பின்னால் சைரன்காரர் நிற்கிறார். குரல் கொடுத்தவர் இவர்கள் இருவரும் முடிக்கட்டும் என்று நிற்கிறார். அவர் நிற்பதால் மீட்டரைப் போய்க் கேட்க ஆளில்லை. எண் மாறவில்லை. கடிகாரத்தை மட்டும் நான் வேறொரு இடத்தில் தனியாக எழுதியிருந்தேன், அது பாட்டுக்கு ஓடியது. அது ஓடியதால் எல்லாம் உயிரோடு இருப்பதாக முதலாளி நம்பினார். மற்ற நாட்களில் அக்கா படிக்காமலே தட்டியதால் நிற்பது ஒரு நொடி, இரண்டு நொடி. யாருக்கும் தெரியவில்லை.

பெரிய வெள்ளி அன்று மட்டும் தட்ட ஆளில்லை. ஒருவர் இருந்தார். அவர் ஏன் தட்டவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். கரண்டு இல்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கரண்டு வந்ததும் சின்னதாக ஒன்று எழுதினேன். சூளை கிடையாது, மீட்டர் கிடையாது. ஒரு குரல், மூன்று பேர். முதல் ஆள் 'ஒன்று' என்று எழுதுவார். இரண்டாம் ஆள் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு 'இரண்டு' என்பார். மூன்றாம் ஆள் 'மூன்று' என்பார். குரல் கொடுத்தவர் அதற்கடுத்த வரியில் 'நான் கிளம்புகிறேன்' என்பார். மணி அடித்த கதைப்படி என்றால், 'நான் கிளம்புகிறேன்' முதலில் வர வேண்டும்.

ஒன்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். இரண்டு வந்தது. அதற்கப்புறம்தான் மூன்று. எல்லாம் முடிந்து கடைசியில், 'நான் கிளம்புகிறேன்'.

வரிசையை மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் ஆளை முன்னால் விட்டேன். அவர் சட்டென்று முடித்தார். ஆனால் நிற்கிறவர் நிற்கும்வரை குரல் கொடுத்தவர் நகரவில்லை. அதாவது சைரன்காரரை வரிசையில் முதலில் நிறுத்தினாலும் போதாது. இந்தத் தடவை குரலை அவர் கேட்டுவிடுவார். அடுத்த தடவைக்குக் குரலே எழாது. வேப்பூர் பஸ்ஸிலாவது எல்லோரும் ஒன்றாக இறங்கிப் போய்ச் சாப்பிட்டார்கள். இங்கே ஒருவர் சாப்பிட்டு இலையை எடுத்த பிறகுதான் அடுத்தவர் உட்காரலாம். படித்த படிப்பில் இப்படி இன்னும் எத்தனை மணி அடித்திருக்கிறதோ என்று நினைத்தால் மலைப்பாக இருந்தது. கரண்டு மறுபடி போனது.

நேற்று, திங்கட்கிழமை, முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஈவென்ட், ஹேண்ட்லர் எதுவும் சொல்லாமல், டப்பாவைத் தட்டினால்தான் மற்ற வேலை நடக்கும் என்று மட்டும் சொன்னேன்.

"அன்னிக்கு டப்பா வந்துச்சாங்க?"

"வந்துச்சே. பத்தரைக்கு வந்துச்சு."

"அதுல சரின்னு ஒண்ணு இருக்குமே. ஏங்க தட்டல?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ராகு காலம் தொடங்கிடுச்சுங்குது. அதுக்குப் போயி எவனாவது சரின்னு சொல்லுவானா? முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சப்பறம் தட்டினேன்."

கணக்கு அக்கா குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? புதிதாக எதையும் தொடங்காதே என்று எழுதி, அதற்குக் கீழேயே ஒரு பொத்தானை வைத்து, அழுத்து என்றால் யார் அழுத்துவார்கள்? அக்காவுக்கு ராகு காலம் கிடையாது, அதனால் தட்டினார். பொத்தான் வைக்கும்போது நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. எல்லாப் பெட்டிக்கும் கீழே அது தானாக வரும்.

"டப்பாவையே எடுத்துடலாமாங்க?" என்றேன்.

"எடுக்காத. அது வந்தப்பறம்தான் இங்க ஒரு ஒழுங்கு வந்திருக்குது."

"அப்ப அத தனியா ஓட வைக்கறேன். அது பாட்டுக்கு நிக்கட்டும். சைரன் பாட்டுக்கு ஊதட்டும்."

"ஊதுமா?"

"ஊதணும்."

"ஊதணும்கறது வேற, ஊதும்கறது வேற. சோதிச்சிப் பாத்தியா?"

"ராகு காலத்துலதாங்க சோதிக்க முடியும்."

அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "ராகு காலத்துல புதுசா எதையும் ஆரம்பிக்கறது இல்ல. ஒனக்கே தெரியும்."

"ஆரம்பிக்க வேணாங்க. புதன்கெழம பன்னெண்டுலேர்ந்து ஒண்ணரை வரைக்கும் ராகு காலம். காலைலயே சூளையப் பத்த வச்சிடுவோம், புரோகிராமையும் ஓட வுட்டுடுவோம். டப்பா வரும். அப்பறம் நாம ஒண்ணுமே செய்யக் கூடாது. தொடக்கூடக் கூடாது. அதான் சோதனையே."

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு ஒரு சோதனையா?"

"ஆமாங்க."

ராகு காலத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்குப் பிடித்த விஷயம். "சரி," என்றார்.

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப புதன்கெழம நான் எங்க இருக்கணும்?" என்றார், பொதுவாக.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"வூட்ல இருந்தாத்தான சைரன் அங்க கேக்குதான்னு தெரியும்," என்றேன்.

"போ," என்றார் முதலாளி அண்ணனிடம். "அன்னிக்கு மட்டும். ஊதலன்னா அதோட இந்தப் பேச்சே கெடையாது."

வெளியே வந்ததும் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட வந்தார். "ஊதலன்னா?" என்றார்.

"ஊதலன்னா நான் வந்து சொல்றேண்ணே."

"நீ வந்து சொல்றதுன்னா அப்பறம் சைரனு எதுக்கு?" தெருமுனையில் நின்றார். "ராத்திரி அதுக்குக் கண்ணு உறுத்துதாம். செவந்திருக்குது. இன்னொரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போனா அவங்க என்னத்தான் திட்டுவாங்க, வேளாவேளைக்கு மருந்து வுட்டீங்களான்னு." பெடலில் கால் வைத்தார். "போயிட்டு வரேம்மா."

இன்று செவ்வாய். சாயங்காலம் முழுக்க யூனிட் ஆபீஸில் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். ராகு காலம் பார்ப்பவர் இனிமேல் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நிற்கமாட்டார். பெட்டிக்கென்று தனியாக ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, உடனே வரிசையைவிட்டு வெளியேறிவிடுவார். அந்தத் தனி ஆளுக்கு த்ரெட் என்று பெயர். அவர் பெட்டியோடு ஒன்றரை மணி வரைக்கும் நிற்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. சைரன்காரரை வரிசையில் முதலில் நிறுத்தியிருக்கிறேன். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கமாட்டார் என்று இப்போது நம்புகிறேன். போன மாதமும் நம்பினேன். அதனால் இந்த நம்பிக்கைமேல் பெரிய பிரியம் எதுவும் இல்லை. கண் எரிகிறது. தோள்பட்டை வலிக்கிறது.

சோதனைக்காக எல்லையை அறுநூறு டிகிரிக்குக் குறைத்து வைத்திருக்கிறேன். காலையில் பற்றவைத்தால் பன்னிரண்டரை வாக்கில் சூளை அந்த இடத்துக்கு வரும் என்று அண்ணன் சொன்னார். கட்டைகளுக்கு அந்தச் சூட்டில் ஒன்றும் ஆகாது. பன்னிரண்டுக்குப் பெட்டி வரும். வந்தது வந்தபடி நிற்கும். முதலாளியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவர் தொடமாட்டார். அக்காவைத்தான் பயம். அவர் கை தானாகப் போய்த் தட்டிவிடும், தட்டியதே அவருக்குத் தெரியாது. அவரிடமும் சொல்லிவிட்டேன். "மௌசப் புடுங்கி வச்சிடேன்," என்றார். அதுவும் சரி. கீபோர்டையும் சேர்த்துப் பிடுங்கி வைக்க வேண்டும், என்டர் தட்டினாலும் போய்விடும்.

நாளை பதினொன்றரைக்கு இரண்டையும் கழற்றி அக்காவின் மேசை டிராயரில் பூட்டுவேன். ஒரு மணிக்கு மருந்து விட வேண்டும் என்று அண்ணன் பன்னிரண்டுக்கே வீட்டுக்குப் போய்விடுவார், கதவைத் திறந்து வைத்திருப்பார். நான் ஆபீஸில் முதலாளிக்கு எதிரில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெட்டி திரையில் இருக்கும்போதே நாய்கள் ஊளையிட வேண்டும்.